பிள்ளை எழுதியதும் எழுதாமல் விட்டதும்



சென்ற இதழில் பத்திரிகையாளர் எம்.ஜி.ஜி. பிள்ளையைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். அரைப் பக்கம்தான். அதற்கு வந்த கடிதங்களை வைக்கத் தனியாக ஒரு கோப்பு எடுக்க வேண்டியதாகிவிட்டது. சுவா பெத்தோங் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், “அந்த மனிதருக்கு ஒரு முழு இதழையே ஒதுக்கியிருக்கலாம், அரைப் பக்கத்தில் அனுப்பிவைத்துவிட்டீர்களே” என்று மனம் வருந்தி எழுதியிருக்கிறார். சிரம்பானில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்த அன்பர், “காதில் விழுந்ததையெல்லாம் எழுதியவரை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?” என்று கோபப்பட்டிருக்கிறார். இரண்டு கடிதங்களும் நல்ல கடிதங்கள். ஆனாலும் இந்தப் பக்கத்தை என்னை எழுத வைத்தது லிங்கியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி அனுப்பிய மூன்று வரிகள். “யார் இவர்? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பத்திரிகை எதிலும் பெயர் பார்த்ததில்லையே?”

தங்கைக்கே முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியவர், அதனால்தான் நம் வீடுகளுக்குள் அவர் பெயர் வரவில்லை. ராய்ட்டர் செய்தி நிறுவனத்துக்காக வேலை பார்த்தவர். வியட்நாம் போரை நேரில் போய்ப் பார்த்து எழுதியவர். 1970களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பத்திரிகையாளர்களுக்குத் தரும் நீமன் நல்கையைப் பெற்று ஓராண்டு அங்கே படித்துவிட்டுத் திரும்பியவர். அந்த அனுபவத்துக்கும் படிப்புக்கும் ஒரு பெரிய நாளேட்டில் நல்ல நாற்காலி கிடைத்திருக்கும். ஆனால் அவர் பெரும்பாலும் தனியாளாகவே நின்று எழுதினார். இணையம் வந்ததும் மின்னஞ்சல் வழியாக ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தம் கட்டுரைகளை அனுப்பினார். மலேசியாகினி என்ற இணைய ஏட்டில் பத்தி எழுதினார். எதிர்க்கட்சி ஏடான ஹராக்காவிலும் எழுதினார். 2006 ஏப்ரலில் காலமானார்.

இவ்வளவும் வெறும் விவரம்தான். அவர் எழுதிய காலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவருடைய தைரியம் புரியும். 1960இல் வந்து 2012இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அமைச்சர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு உள்ளே வைக்க முடிந்தது. அது முடிந்ததும் இன்னும் இரண்டு ஆண்டு நீட்ட முடிந்தது. 1987 அக்டோபர் 27இல் தொடங்கிய ‘ஒப்பராசி லாலாங்’ காவல்துறை நடவடிக்கையில் அப்படித்தான் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் என்று மூன்று மொழிகளில் மூன்று பத்திரிகைகளின் உரிமத்தையும் பறித்தார்கள். மறு ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் தலைவராக இருந்த துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். அன்றைக்குச் செய்தி அறைகளில் இருந்தவர்கள் எதை எழுதலாம் என்று யோசித்ததைவிட எதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று யோசித்ததுதான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை குட்டிக்காரர்கள்.

அந்தக் காலத்தில் நீதிமன்றங்களைப் பற்றி, விசாரணையில்லாத காவலைப் பற்றி, அமைச்சர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கலைப் பற்றி, புனைபெயருக்குள் ஒளிந்துகொள்ளாமல் தம் பெயரைப் போட்டே எழுதினார் பிள்ளை. சுவா பெத்தோங் ஆசிரியர் அவரைக் கொண்டாடுவது இதற்காகத்தான். அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நம்மவர்களைப் பற்றியும் எழுதினார். மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வைப் பற்றியும் மைக்காவைப் பற்றியும் அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, தமிழ் நாளேடுகள் ஏதாவது ஒரு அணியின் நிழலில் நின்றுகொண்டிருந்தன. மைக்கா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1980களில் சமுதாயத்துக்கென்று ஒரு முதலீட்டு நிறுவனம் என்று சொல்லித் தோட்டம் தோட்டமாகப் பங்கு விற்றார்கள். சுமார் 66,000 பேர் சேர்ந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். பால் வெட்டிச் சேர்த்த காசு, கழுத்தில் கிடந்ததை அடகு வைத்த காசு. இந்த வட்டாரத்திலேயே எத்தனை வீடுகளில் பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, மைக்கா பங்குச் சான்றிதழ் மூன்றும் ஒரே பிஸ்கட் டின்னில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்! 1990இல் மைக்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது என்பது 1992இல்தான் வெளியே தெரிந்தது. விசாரணை நடந்தது. யார் மீதும் வழக்கு வரவில்லை. கடைசியில் 2010 வாக்கில் ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்ள ஒரு தனியார் தரப்பு முன்வந்தபோது, போட்டவர்களில் பலர் உயிரோடு இல்லை. இதையெல்லாம் கேள்வி கேட்டு எழுதியவர்களில் பிள்ளையும் ஒருவர். யாருடைய பணம் போனதோ அவர்கள் படிக்கும் மொழியில் அது வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அந்தக் குறையை அவர் தலையில் கட்ட மாட்டேன். தமிழில் எழுத வேண்டியவர்கள் நாம்.

இனி சிரம்பான் அன்பரின் கோபத்துக்கு வருகிறேன். அவர் சும்மா கோபப்படவில்லை.

‘மலேசியன் இண்டஸ்ட்ரி’ என்ற இதழில் பெர்ஜாயா குழுமத்தின் வின்சென்ட் டானைப் பற்றிச் சில கட்டுரைகள் வந்தன. டான் அவதூறு வழக்குப் போட்டார், பிள்ளையும் அதில் ஒரு பிரதிவாதி. 1994இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் பிரதிவாதிகள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கோடி வெள்ளி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளையின் பங்கு 20 லட்சம். அதுவரை இந்த நாட்டுப் பத்திரிகை உலகம் கேள்விப்பட்டிராத தொகை அது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தின.

கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போன அந்த மேல்முறையீட்டுக் கட்டில் முதலில் வரும் பெயர் பிள்ளையுடையது இல்லை. ‘லிங் வா பிரஸ்’ என்ற அச்சகத்தின் பெயர். எழுதியவரோடு, வெளியிட்டவரோடு, தாளை மிஷினில் ஓட்டிக் கொடுத்தவரும் கூண்டில் ஏறினார். எங்களைப் போன்ற சிறு பத்திரிகைக்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பின் அடி அங்கேதான் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த அச்சகத்துக்குப் போனாலும் காகித விலை, வண்ணப் பக்கம் பேசி முடிந்ததும் இன்னொரு கேள்வி வரும்: “உள்ளே யாரைப் பற்றியாவது இருக்கா? கேஸ் கீஸ் வருமா?” மெய்ப்புப் பக்கங்களைத் தம் வக்கீல் பார்த்த பிறகுதான் பிளேட் போடுவேன் என்று சொன்ன அச்சக உரிமையாளர்கள் உண்டு. அவர்கள் கோழைகள் இல்லை. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சகம் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். பத்திரிகை நடத்தும் அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2012இல்தான் அந்த ஆண்டுப் புதுப்பிப்பை எடுத்தார்கள். உள்துறை அமைச்சின் அனுமதி இன்னமும் தேவை. அப்படியிருக்க, கோடிக் கணக்கில் ஒரு தீர்ப்பையும் பார்த்துவிட்ட அச்சகக்காரர் பயப்படாமல் இருப்பாரா?

தொகையைப் பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. அது அநியாயம். ஒருவருடைய நற்பெயருக்கு விலை உண்டு, அதைக் கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும்போது கை கால் இழந்தவனுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தரும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீதிபதிகளுக்கே பிறகு இது உறுத்தியது. 2001இல் வேறொரு அவதூறு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமே, இப்படிப் பெருந்தொகை வழங்கும் போக்குக்குக் கடிவாளம் போட வேண்டும் என்ற பொருளில் சொல்லியது. அதற்குள் நாட்டில் அவதூறு வழக்கு என்றாலே கோடியில் கேட்பது வழக்கமாகிவிட்டிருந்தது. ஐ.நா.வின் சிறப்பு அதிகாரியாக நீதித்துறைச் சுதந்திரத்தைக் கவனித்துவந்த நம் டத்தோ பரம் குமாரசாமி, 1995இல் ஒரு சட்ட இதழுக்குக் கொடுத்த பேட்டிக்காகப் பல கோடி கேட்டு வழக்குகளைச் சந்தித்தார். அவருக்குச் சட்டக் காப்பு உண்டு என்று 1999 ஏப்ரலில் ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே 1999இல் ஃபார் ஈஸ்டர்ன் எக்கனாமிக் ரிவியூவின் நிருபர் மரே ஹீபர்ட் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார். ஒரு நீதிபதியின் மனைவி மகனுக்காகப் பள்ளிக்கூடத்தின் மேல் போட்ட வழக்கைப் பற்றி எழுதியதுதான் அவர் செய்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் மேல்முறையீட்டைக் கேட்ட கூட்டரசு நீதிமன்ற அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அன்றைய தலைமை நீதிபதி துன் யூசோப் சின். அவர் குடும்பத்தோடு 1994 இறுதியில் நியூசிலாந்தில் விடுமுறையில் இருந்தபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கூட இருந்த படங்கள் வெளியாகியிருந்தன. தற்செயலாகச் சந்தித்தோம் என்பது அவருடைய விளக்கம். சட்டத்துறையைக் கவனித்த அமைச்சரே 2000இல் அது முறையான நடத்தை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த அமர்வின் தீர்ப்பை விலக்கிவைக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டதை 2002இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிள்ளை இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 2008இல், அரச விசாரணை ஆணையத்தின் முன் அந்த விடுமுறைப் பயணம் மறுபடியும் பேசப்பட்டது. கேட்க அவர் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிரம்பான் அன்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது. தண்டனை அநியாயம் என்பதால் எழுத்து சரியாகிவிடுமா?

ஆகாது. பிள்ளையின் கட்டுரைகளை விரும்பிப் படித்தவன் நான். அச்செடுத்து வைத்திருந்த கட்டுகளை இந்தப் பக்கத்துக்காக மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க இரண்டு உணர்ச்சியும் மாறி மாறி வந்தது. ஒரு பத்தியில் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்து, அது எப்படித் திரிக்கப்பட்டது என்று தெளிவாக விளக்குவார். கை தட்டத் தோன்றும். அடுத்த பத்தியிலேயே ஓர் அமைச்சர் மனத்தில் என்ன நினைத்தார், எந்த அறையில் யாரிடம் என்ன பேசினார் என்று உறுதியாக எழுதுவார். அவருக்கு அது எப்படித் தெரியும்? யார் சொன்னது? சொன்னவர் அந்த அறையில் இருந்தாரா, அல்லது இருந்தவரிடம் கேட்டாரா? ஒரு வரி இருக்காது. அமைச்சரின் தரப்பைக் கேட்டாரா, அவர் பதில் சொல்ல மறுத்தாரா என்பதும் இருக்காது. படிக்கிறவன் பிள்ளையை நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்பாதவனுக்குக் காட்ட அந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

ஆபத்தான ஆட்சியில் ஆதாரம் தந்தவர் பெயரைச் சொல்ல முடியாது என்பது உண்மை. சொன்னால் அந்த ஆள் வேலை போகும், சில சமயம் ஆளே போவார். ஆனால் பெயரைச் சொல்லாமலே, இவர் நேரில் பார்த்தவர், இது காகிதத்தில் இருக்கிறது, இது மட்டும் என் ஊகம் என்று பிரித்துக் காட்ட ஓர் எழுத்தாளனால் முடியும். பிள்ளை அதைச் செய்யவில்லை. மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். நாள் தவறாமல் எழுதினார், மிக அதிகமாக எழுதினார். அந்த வேகத்தில், கல்லில் செதுக்கியது போன்ற குற்றச்சாட்டும் டீக்கடைப் பேச்சும் ஒரே தட்டில் வந்து விழுந்தன. அவரை வெறுத்தவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஒரு தவறான வரியைக் காட்டி, சரியான நூறு வரியையும் தள்ளிவிட்டார்கள். நீதிமன்றத்தில் எழுதியதை நிலைநாட்ட முடியாமல் போனபோது, நஷ்டம் அவர் பையோடு நிற்கவில்லை. அவரைப் பார்த்து எழுத வந்த இளைஞர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு சாத்தப்பட்டது. அவர் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இது ஒன்றுதான். ஆனால் பெரிய மனத்தாங்கல்.

ஹராக்காவில் எழுதியதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளுங்கட்சி ஏடுகள் கதவைச் சாத்திய பிறகு, திறந்திருந்த இடத்தில் எழுதினார்.

பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பு வந்த அதே 1994ஆம் ஆண்டு அக்டோபரில் டெல்லியில் நடந்ததைச் சொன்னால் என் மனத்தாங்கல் இன்னும் விளங்கும். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று தமிழக அதிகாரிகள் நக்கீரன் இதழை மிரட்டினார்கள். ஆசிரியர் ராஜகோபால், நாமெல்லாம் நக்கீரன் கோபால் என்று அறிந்தவர், உச்ச நீதிமன்றம் போனார். நக்கீரன் மீதும் பரபரப்புக்கு எழுதுகிறது என்ற குறை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நீதிபதி ஜீவன் ரெட்டி அந்தக் குறைக்குள் போகவில்லை. அச்சில் வருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றார். பொது அதிகாரி ஒருவர் தம் அலுவல் சம்பந்தப்பட்ட செய்திக்காக நஷ்ட ஈடு கேட்டால், எழுதியது பொய் என்று மட்டும் காட்டினால் போதாது, உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார் என்றும் காட்ட வேண்டும் என்றார். பத்திரிகைக்காரர் நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று காட்டினால் அது அவருக்குப் போதும். 1999இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் ரெனால்ட்ஸ் வழக்கில் ஏறத்தாழ இதே பாதையில் வந்தது. பொறுப்போடு செய்த வேலையில் பிழை நேர்ந்தாலும் பத்திரிகைக்குக் காப்பு உண்டு. பொறுப்போடு செய்தாரா என்று பார்க்கும்போது நீதிபதி கேட்கும் கேள்விகளில் ஒன்று, “எழுதப்பட்டவரிடம் அவர் தரப்பைக் கேட்டீர்களா?” என்பது. பின்னாளில் நம் நாட்டு நீதிமன்றங்களும் அந்தக் காப்பை ஏற்றுக்கொண்டன. பிள்ளையின் வழக்குக்கு அது காலம் கடந்து வந்தது. முன்பே வந்திருந்தாலும், அவர் கட்டுரைகளில் இல்லாத அந்தச் சரிபார்ப்பை எந்த நீதிபதி கொண்டுவந்து சேர்க்க முடியும்?

நம் தோட்டங்களின் கதையில் பிள்ளைக்கு முன்னால் இன்னொரு பத்திரிகைக்காரர் இருக்கிறார். ஆர்.எச். நாதன். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கி 2019 வரை வந்த தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைக் கட்டி, 1941இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளை நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியே எங்களுக்கும் வேண்டும். கள்ளுக்கடையை மூடு. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து. தோட்டத்துப் பெண்கள் மேல் கை வைப்பதை நிறுத்து. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்து போக விடு. பேசவும் கூட்டம் போடவும் சங்கம் வைக்கவும் விடு. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையைக் கொஞ்சம் மனத்தில் நிறுத்திப் பாருங்கள். காலையில் பெரட்டு (ஆளெண்ணும் கூட்டம்) முடிந்து ஒருவன் தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் தீம்பாருக்கு (வேலைக்காட்டுக்கு) போகிறான். எதிரே துரையின் கார். இவன் இறங்க வேண்டும், ஓரமாக நிற்க வேண்டும், கார் போன பிறகுதான் ஏற வேண்டும். கூலி உயர்வோடு சேர்த்து அதையும் ஒரு கோரிக்கையாகத் தாளில் எழுதியது ஒரு பத்திரிகைக்காரனின் கண். கூலிக்கணக்கு மட்டும் தெரிந்தவனுக்கு அது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

1941 மே 5இல் நாதனைக் கைது செய்தார்கள். தோட்டங்கள் கொதித்தன. சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவித்து, இந்தியப் பட்டாளத்தையே கொண்டுவந்து இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதனை வழக்கு மன்றத்தில் நிறுத்தாமலே இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அரசாங்கத்தின் கண்ணில் அவர் வெளியூரிலிருந்து வந்து தூண்டிவிட்டவர். என் கண்ணில் அவர் பெரியவர். ஆனாலும் அவர் செய்ததிலும் குறை சொல்ல இடமுண்டு. செய்தி எழுதும் கையும் சங்கம் நடத்தும் கையும் ஒன்றாகவே இருந்ததால், அவர் எழுதியதைச் செய்தியென்று எடுத்துக்கொள்வதா, அழைப்பென்று எடுத்துக்கொள்வதா என்று படித்தவனுக்குத் தெரிந்திருக்காது. எல்லாம் ஒருவர் தோளில் இருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனதும், கூட்டத்தை அமைதியாக வைத்திருக்க அவருக்கு அடுத்த நிலையில் ஆளில்லை. பெண்களின் மானத்தைக் காக்க வேண்டும் என்பது பட்டியலில் இருந்தது, அதே பெண்களுக்கு ஆணுக்குச் சமமான கூலி என்பது இல்லை. அன்று பெண்ணாள் கூலி ஆண் கூலியைவிடக் குறைவு. போருக்குப் பிறகு நம் சிரம்பானிலிருந்து பி.பி. நாராயணன் போன்றவர்கள் நெகிரி செம்பிலானில் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோதும், 1954இல் அது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் கலந்தபோதும், 1941இன் பாடம் அவர்கள் மனத்தில் இருந்திருக்கலாம்.

நாதனுக்கும் பிள்ளைக்கும் மொழி வேறு, காலம் வேறு, குணமும் வேறு. ஒரு விஷயத்தில் இருவரையும் அடுத்தடுத்து நிறுத்துவேன். இருவருக்கும் பின்னால் வாசகர்கள் இருந்தார்கள், ஆனால் தண்டனை வந்தபோது இருவரும் தனியாகவே அதைச் சுமந்தார்கள். இந்த நிலை இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. ஆசிரியர் ஸ்டீவன் கான் வாசகர்களிடம் கேட்டார். சில மணி நேரத்தில் அந்தத் தொகை முழுக்கச் சேர்ந்துவிட்டது. பிள்ளை பத்தி எழுதிய அதே மலேசியாகினிதான். இதைப் பார்க்க அவர் இருந்திருக்க வேண்டும் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேன்.

சுவா பெத்தோங் ஐயாவுக்கு: முழு இதழ் போடுகிறோம், அடுத்த ஏப்ரலில். அவருடைய துணிச்சலைச் சொல்லும் கட்டுரைகளோடு, அவருடைய எழுத்தைக் கண்டிக்கும் கட்டுரைகளும் இருக்கும். சிரம்பான் அன்பரே, அதில் ஒன்றை நீங்கள் எழுத வேண்டும். வழக்குக் கட்டுகளோடு பழகியவர் நீங்கள். எந்த வரி நிற்கும், எந்த வரி விழும் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். லிங்கித் தங்கை, உனக்கு ஒரு வேலை. பிள்ளையின் கட்டுரை ஒன்றை அனுப்புகிறேன். தமிழில் எழுதிக் கொடு. யாருடைய கதையை அவர் எழுதினாரோ அவர்கள் வீட்டுக்கு அது இனியாவது போய்ச் சேரட்டும்.

கடைசியாக, இந்த மாதம் வந்த வேறொரு கடிதம். பெயர், தோட்டம், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். செம்பனைக் குலை வெட்டும் குத்தகை வேலையில் இருக்கும் ஒருவர், சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கென்று பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார். கோபம் வரத்தான் செய்தது. அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தால் நான்கு ஊர் பேசியிருக்கும். அவரை எங்கள் சி ரூசா அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தார். மேசையில் வரிசையாகப் பரப்பி, பிடித்தம் என்ற கட்டத்தில் உள்ள தொகையையும் சேமநிதிக் கணக்கில் ஏறிய தொகையையும் மாதம் மாதமாக எழுதிப் பார்த்தோம். நான்கு மாதம் சரியாக ஏறியிருக்கிறது. இரண்டு மாதம் ஏறவில்லை. ‘பிடித்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டார்கள்’ என்பது அந்தச் சீட்டுகளில் இல்லை, ‘இரண்டு மாதத்துப் பணம் எங்கே?’ என்பது இருக்கிறது. அந்தக் கேள்வியைக் குத்தகைக்காரருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்தால் பதிலோடு, வராவிட்டால் வரவில்லை என்ற விவரத்தோடு அடுத்த இதழில் வரும்.

உங்களிடம் இப்படிப்பட்ட விஷயம் இருந்தால் எழுதுங்கள். உங்கள் பெயர் எங்களைத் தாண்டிப் போகாது. சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு, தோட்ட அலுவலகம் கொடுத்த கடிதம் எதுவாயிருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று கடிதத்தில் தனித்தனியாகக் குறித்துவிட்டால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. நகல் எடுக்கத் தெரியாத பாட்டிமார்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரே வாருங்கள். மெஷின் இருக்கிறது, தேநீரும் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்